அத்தை கொண்டுவந்த மான்கொம்புக் கஷாயம்

அன்பு மகள் யோன்சுவுக்கு அம்மா எழுதறது. நீ அங்க நோய்நொடி இல்லாம இருக்கணும். இங்க நாங்க நாலு பேரும் இருக்கோம், சௌக்கியம்னு எழுதத்தான் கை வரமாட்டேங்குது. ஹாம்பர்க்ல பனி கொட்டுதுன்னு டிவியில காட்டினாங்க, காதை மூடிக்கிட்டு வெளிய போ, வெறும் ரொட்டியைத் தின்னு வயித்தைக் காயப்போடாதே. முட்டைக்கோஸ் கிம்ச்சி ஊறப்போட்டு அனுப்பியிருக்கேன், இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்கதான் வந்து போட்டுக் குடுத்தாங்க, உப்பு தூக்கலா இருக்கும், அனுசரிச்சுக்கோ. உங்கப்பா பறிச்ச பெர்சிமன் பழத்தைச் சீவவும் இல்ல, காயக் கட்டித் தொங்கவிடவும் இல்ல, அத்தனையும் கொட்டகையில அழுகிக் கிடக்கு.

போன்ல சொல்லாம ஏன் எழுதறேன்னு நினைப்பே. போன்ல பேசினா அடுத்த அறையில உன் அத்தை மல்சூன் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா, எழுத்துன்னா அவளுக்கு வாசிக்கத் தெரியாது. உன் தம்பி தேவுனை அந்தப் புது மருந்துச் சோதனையிலேருந்து ஏன் நீக்கினாங்கன்னு நீ திரும்பத் திரும்பக் கேட்டே, காய்ச்சல் வந்துச்சுன்னு நானும் சொல்லிட்டேன். காய்ச்சல் எல்லாம் இல்லடி. டாக்டருக்குக் காட்டமா ஒரு கடிதம் போடப்போறேன்னு நீ சொன்னதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு, பாவம் அந்த மனுஷன் மேல வீண்பழி விழக்கூடாது, அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

அவன் விழுந்த கதை உனக்குத் தெரியும். பெர்சிமன் மரத்து உச்சியில இருந்த நாலு பழம் பறவைங்களுக்குன்னு விடற பங்கு, விட்டுடுடான்னு உங்கப்பா கீழ நின்னு கத்தினாரு, இதோ ஆச்சுன்னு ஏறினான், அந்த மரத்துக் கிளைதான் பார்க்கப் பருமனா இருந்து படக்குனு முறியற ஜாதியாச்சே. தேகு நகரத்து ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்சதும் நீதான் டாக்டர்கிட்ட பேசிப் பேசி அவனை அந்தச் சோதனையில சேர்த்தே. எனக்கும் புரியற மாதிரி நீ சொன்னது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. முதுகுத்தண்டு நசுங்கினா ரத்தத்துல இருக்கற காவல் செல்லெல்லாம் அங்க ஓடும், தீப்பிடிச்ச வீட்டுக்கு ஊரே ஓடிவந்து எரியாத அறையையும் சேர்த்து இடிக்கற மாதிரி, தப்பிச்ச நரம்பையும் அதுங்களே கெடுத்துடும், ஆனா கொஞ்ச நாள் போனா அந்தக் கூட்டத்துலயே சிலது குணம் மாறிக் குப்பையைத் தின்னு நரம்புக்கு ஊட்டம் குடுக்கும், அதனால மொத்தமா விரட்டவும் கூடாது, முதல் ஆவேசத்தை மட்டும் இந்த மருந்து அடக்கும், அதுவும் ஆரம்பத்துலயே குடுத்தாத்தான் உண்டு, வேற மருந்து ஒரு சொட்டு கலக்கக்கூடாதுன்னு சொன்னே. நான் அத்தைகிட்டப் போய் அவ்வளவையும் விளக்க முடியுமா, உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கற மருந்து குடுக்கறாங்கன்னு சுருக்கமாச் சொன்னேன். அவ்வளவுதான், அவளுக்கு வந்ததே கோபம், அடிபட்ட பிள்ளைக்கு சக்தியை ஏத்துவாங்களா இறக்குவாங்களா, உன் மக கடல் தாண்டிப் போய் படிச்ச படிப்பு இதுதானான்னு ஒரு பிடி பிடிச்சா. நானும் விடுவேனா, வாயை மூடிக்கிட்டுப் பூண்டை உரிங்கன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிட்டேன்.

அவ உரிக்கல. சந்தைத் தெரு மருந்துக்கடையில சொல்லி சிவப்பு ஜின்செங் வேரும் மான்கொம்பும் போட்டுக் காய்ச்சிப் பை பையா அடைச்சு வாங்கி, நாள் தவறாம தேகு வந்தா. நான் குளிக்கப் போற நேரமாப் பார்த்து மடியில வச்சுச் சூடு பண்ணி அவனுக்குக் குடுத்திருக்கா. வலி மாத்திரை மயக்கத்துல இருந்தவன் அத்தை குடுக்கறான்னு குடிச்சிருக்கான். குப்பைக்கூடையில காலிப் பையை நர்ஸ்தான் பார்த்தா. டாக்டர் சத்தம் போடல, வேற மருந்து உள்ள போனவங்களை வச்சுக்க விதி இல்ல, எது என்ன செஞ்சுதுன்னு எங்களுக்கே தெரியாமப் போயிடும்னு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. இருந்திருந்தா நடந்திருப்பானான்னு கேட்டேன். நடந்திருப்பான்னும் சொல்ல மாட்டேன், நடந்திருக்க மாட்டான்னும் சொல்ல மாட்டேன்னாரு. அந்தப் பதிலோடதான் நான் தினமும் தூங்கி எழுந்திருக்கேன். இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு, இடுப்புக்குக் கீழ ஒரு அசைவும் இல்ல, படுக்கைப்புண் வராம நானும் உங்கப்பாவும் மாத்தி மாத்திப் புரட்டிப் போடறோம்.

அத்தைக்கு ஒண்ணும் தெரியாது. மருந்தை நிறுத்திட்டாங்கன்னு கேட்டதும், நல்லதாப் போச்சு, இனி என் பிள்ளை தேறிடுவான்னு கும்பிட்டா பாரு, அவ கழுத்தைப் பிடிக்கலாம்னு போனேன் யோன்சு. முப்பது வருஷமா இந்த வீட்டுல என் சமையல்லேருந்து என் நடை வரைக்கும் குத்தம் சொன்னவ, ஒரே வார்த்தையில அவளைச் சாய்க்கலாம். தேவுன்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். என் கால் போனது போகட்டும்மா, இதைக் கேட்டா அத்தை அப்படியே படுத்துடும், அதை யாரு எழுப்பி உட்கார வைக்கிறதுன்னான். இப்பவும் காலையில அவ நீட்டற கஷாயத்தை அவ கண் முன்னாடியே குடிச்சுட்டு, கால் கொஞ்சம் சூடா இருக்கற மாதிரி இருக்கு அத்தைன்னு சொல்றான். அவ அந்தக் காலைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்குவேன்.

புத்தாண்டு அன்னைக்கு நீ போன் பண்ணும்போது அத்தை வாங்கிப் பேசுவா. நீ இந்தச் செல்லைத்தானே படிக்கறே, உனக்குத்தான் தெரியும், என் கஷாயம்தானே பிள்ளையைக் காப்பாத்துச்சுன்னு உன்கிட்ட கேட்கணும்னு வாரக்கணக்கா ஒத்திகை பார்த்துக்கிட்டிருக்கா. உனக்குக் கோபம் வரும், வரட்டும், கடிதத்துல என்னைத் திட்டு, டாக்டரைத் திட்டாதே. அத்தை கேட்டா ஆமான்னு சொல்லிடு. உன் வாயால சொன்னாத்தான் நம்புவா, என்னை என்னைக்கு நம்பினா.

பிறக்கற வருஷத்துல உனக்கு ஒரு குறையும் வராம இருக்கணும், நீ தொடற வேலை துலங்கணும். நீ ஆராய்ச்சிக்கு வச்சிருக்கற, முதுகுத்தண்டு நசுங்கின கண்ணாடிப் பெட்டி எலிகள்ல ஏதாவது ஒண்ணு எழுந்து நடந்தா தேவுனுக்குச் சொல்லாதே. எனக்கு மட்டும் எழுது.

சங்ஜுவிலிருந்து,
உன் அம்மா