ஒன்பது விநாடித் தட்டு

அன்பு மகள் குட்டிச் சுத்தியலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, பழைய சண்டைகளைப் புதிதாகப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. நினைத்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் அப்பா காதில் விழும், தட்டி அனுப்பலாம் என்றால் என் கண்ணாடிக்கும் அந்தப் பொடி எழுத்துக்கும் ஏழாம் பொருத்தம். இங்கே மருந்துக்கடையில் இருக்கிற ஒரு பெண்ணின் அக்கா நாளை மறுநாள் உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனிலிருந்து உனக்கு ஒன்பது விநாடிக்கு ஒரு சத்தம் வந்ததே, அதற்கு நீ, என்னப்பா இது, கை தவறிப் பட்டுடுச்சா என்று கேட்டு ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் மேல் தப்பில்லை. ஆனால் அதைப் படித்ததும் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார், இன்றோடு நாலு நாள் ஆகிறது, தொடவில்லை. அதனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள்தானே நீ.

நம் பொதுப் பட்டறையில் இப்போது உறுப்பினர்கள் அறுபத்திரண்டு பேர். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் பதினெட்டே பேர், வாசலில் மாட்டிய கரும்பலகை ஒன்று போதுமாக இருந்தது. கடைசல் மெஷின் செவ்வாய்க்கிழமை தச்சருக்கு என்று நான் எழுதிவைத்தால் அது எழுதினதுதான், மறுபேச்சு கிடையாது. நீ ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி, இன்று மெஷினுக்கு லீவு என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாய், ஆறு பேர் படித்துவிட்டு நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். உன் முதுகில் ஒன்று வைக்கத்தான் நான் வந்தேன். அப்பா நடுவில் வந்து நின்று, எழுத்து நல்லா இருக்கு, ஆனா ஸ்டூல எடுத்த எடத்துல வை என்றார், அவ்வளவுதான். அந்தப் பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. போன மாதம் ரம்பத்தில் விரிசல் இருப்பதைத் தச்சர் பார்த்துப் பலகையில் எழுதிவைத்தார். பின்வாசல் வழியாக வந்த ஒருவர் அதைப் பார்க்காமல் மரத்தை வைத்து ஸ்விட்சையும் போட்டுவிட்டார், யார் செய்த புண்ணியமோ அந்த நேரம் கரண்ட் இல்லை. அன்றைக்கே கூடிப் பேசினோம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிற மாதிரி இணையத்தில் ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாகி, செயலாளர் என்கிற முறையில் நான், வாய் நீளம் என்கிற முறையில் வெல்டர், விவரம் தெரிந்தவள் என்கிற முறையில் மருந்துக்கடைப் பெண் என்று மூன்று பேரைப் போட்டார்கள். இந்தப் பெண்ணை உனக்குத் தெரியாது, வாரத்தில் ஆறு நாள் மாத்திரை விற்றுவிட்டு ஏழாம் நாள் வந்து மரப்பொம்மை செய்கிறாள், கெட்டிக்காரி.

முதலில் மின்னஞ்சல் என்றாள். அனுப்பினோம், அறுபத்திரண்டு பேரில் இரண்டு பேர் திறந்தார்கள், அதில் ஒருத்தி அவள். வெல்டரைக் கேட்டால், என் மெயிலத் தொறந்து மூணு வருஷம் ஆச்சு, உள்ள பாம்பு குடியிருக்கும் என்கிறார். அடுத்து நாள்காட்டியெல்லாம் வைத்த ஒரு செயலி. அதற்குக் கடவுச்சொல் வேண்டும், மறந்துபோகக் கூடாது என்று வெல்டர் தன்னுடையதைப் பட்டறைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிவைத்தார், போகிற வருகிறவர்கள் எல்லாம் அவர் பெயரில் உள்ளே போய்க் கடைசல் மெஷினைப் பதினேழு தடவை பிடித்துவைத்துவிட்டார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. மூன்றாவதாக, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் கூட்டம். தச்சர் நெற்றியை மட்டும் காட்டினார், வெல்டர் வீட்டு மின்விசிறியை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆனாலும் முகமும் குரலும் இருந்ததால் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான், இதையே வைத்துக்கொள்ளலாம் என்று கை தூக்க இருந்தேன்.

அன்றைக்கு அப்பா சட்டையைத் தேய்க்கச் சொல்லிச் சைகை காட்டி, போட்டுக்கொண்டு, தலை வாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து பத்து மாதத்தில் அவராக நாலு பேர் முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை. தச்சர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், ஃபிட்டரே, நீங்க சொல்லுங்க, ரம்பத்த மாத்திடலாமா என்று. அப்பா வாயைத் திறந்தார். மா என்று வந்தது, அதற்கு மேல் வரவில்லை. முப்பது கட்டங்களில் முப்பது பேர், ஒருவரும் சிரிக்கவில்லை, பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பொறுமையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம் இடது கையால் கோணல்மாணலாக எழுதி என் முன்னால் வைத்தார், லிஸ்ட்ல என் பேர எடுத்துடு என்று. அந்தப் பட்டறையின் கதவைத் தன் கையால் மாட்டிய மனுஷன். நான் உள்ளே போய் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். பேரை எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் இருந்தேன். பொய் எனக்குப் புதிதா என்ன, நீ கூப்பிடுகிறபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், தூங்குகிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய்தான். ஒரு மனுஷன் பத்து மாதத்தில் இத்தனை தடவை குளிப்பாரா, நீயும் நம்பினாயே. அப்பாவுக்கு என் மேல கோபமாம்மா என்று நீ ஒரு நாள் கேட்டபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன், அதுவும் பொய்தான். கோபம் இல்லை கண்ணே, வெட்கம். அந்த மா என்கிற ஒற்றை எழுத்தை உன் காதில் போட அவருக்கு மனசு வரவில்லை.

நான் வீடியோவுக்குக் கை தூக்காததால் முடிவு தள்ளிப்போயிற்று, அதுவரைக்கும் இருக்கட்டும் என்று போனில் ஒரு குழு தொடங்கினார்கள், அப்பா எண்ணும் அதில் ஏறிவிட்டது. எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், எழுத வராதவர்கள் பேசி அனுப்புவார்கள். ஒரு புதன்கிழமை காலையில் தச்சர் ஏதோ சொல்ல வந்து, ஒலிப்பதிவை அமுக்கிவிட்டு, சொல்ல வந்ததையே மறந்து, போனை மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பதினோரு நிமிஷம் பட்டறைச் சத்தம் அத்தனை பேருக்கும் போயிற்று. குழுவில் அவரை எல்லாரும் வறுத்தெடுத்தார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அப்பா எதிரே உட்கார்ந்து அந்தப் பதினோரு நிமிஷத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரைச்சல நிறுத்துங்களேன் என்றேன், கையைக் காட்டி என் வாயை அடக்கினார். இழைக்கிற சத்தத்துக்கு நடுவில் யாரோ இரும்பு மேசையின் மூலையில் மூன்று தட்டுத் தட்டினார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், மெஷின் ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்று அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. மூன்று தட்டினால் பிடிக்க ஒரு கை வேண்டும், ஒன்று தட்டினால் வருகிறேன், இரண்டு தட்டினால் டீ. மூன்று தட்டுக் கேட்டதும் அப்பா கையிலிருந்த டம்ளரால் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். பிறகுதான் வீட்டில் இருக்கிறோம் என்று உறைத்தது. நான் பார்த்தேன், அவர் பார்த்தார். என்ன தோன்றியதோ, போனை எடுத்து இடது கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, வாதத்தில் தளர்ந்த வலது கையில் டம்ளரைத் திணித்து, அந்த ஒரு தட்டையே இன்னொரு தடவை தட்டிக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

 பிறகு வெல்டரிடமிருந்து மூன்று தட்டு. தச்சரிடமிருந்து இரண்டு, அவருக்கு எப்போதும் டீதான். அப்புறம் கரண்டி, சாவி, கதவு, வாணலி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தட்டி அனுப்பினார்கள், மத்தியானம் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரே கொட்டு மேளம். பாவம் அந்த மருந்துக்கடைப் பெண், எல்லார் போனும் ஒரே நேரத்துல கெட்டுப்போச்சா என்று எழுதிக் கேட்டாள். விவரம் சொன்னோம், அன்றைக்கே தட்டுகளின் அர்த்தத்தை வரிசையாக எழுதிக் குழுவின் தலைப்பில் போட்டுவிட்டு, தேடினது போதும்மா, இந்தக் குழுவே இருக்கட்டும் என்றாள். நானும் வெல்டரும் கை தூக்கினோம், முடிந்தது. மறுநாள் காலையில் வெல்டர் ஸ்கூட்டரோடு வந்து நம் வாசல் கேட்டில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, அந்த வாய் நீளக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். வருகிறேன் என்று ஊரறியச் சொன்ன மனுஷன் வராமல் இருக்க முடியுமா, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறார், இடது கையால் அரம் பிடிக்கப் பழகுகிறார், சாயங்காலம் அழுக்குச் சட்டையோடு வருகிறார். அந்த அழுக்கைத் துவைக்கிறபோது எனக்கு என்ன சந்தோஷம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து வந்ததும், தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டி என்னை அடுக்களைக்கு விரட்டினார். சொம்பில் தண்ணீர் முன்னாலேயே இருந்தது, எனக்குப் புரியாதா, போகிற மாதிரிப் போய்க் கதவோரம் நின்றேன். அப்போதுதான் தட்டினார். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. இது குழுவின் பட்டியலில் கிடையாது, வெல்டருக்கும் தெரியாது. உனக்கு அப்போது ஐந்து வயது. அந்த இரும்பு மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்து படம் வரைவாய், மெஷின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது, குனிந்து பார்க்க அவருக்கு நேரமும் இருக்காது. இருக்கியா என்று மேலிருந்து அப்படித் தட்டுவார். இருக்கேன் என்று நீ அடியிலிருந்து அதையே திருப்பித் தட்டுவாய். உன் பிஞ்சு விரல் நோகக் கூடாது என்று, அதற்காகவே விரல் நீளத்தில் ஒரு சுத்தியல் செய்து கொடுத்தார், உனக்கு இந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். அந்தச் சத்தத்தை எடுத்து இன்னொரு தடவை கேள். ஒன்பது விநாடியில் அதையே மூன்று தடவை தட்டியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீ பதில் தட்ட இடம் விட்டிருக்கிறார்.

வேறென்ன எழுத. பேத்திக்குச் சளி பிடித்திருந்தால் சும்மா சும்மா மருந்து கொடுக்காதே, வெந்நீர் போதும். மாப்பிள்ளையை நேரத்துக்குத் தூங்கச் சொல், நீயும் தூங்கு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் துணையாக நூறு வயசு இருக்க வேண்டும். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், கை தவறிப் பட்டதா என்று கேட்டதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம், பேசவும் வேண்டாம், அந்தச் சிரிப்பு முகம் வேண்டவே வேண்டாம். கரண்டியோ கதவோ, கையில் கிடைத்ததில் தட்டு. போன் இன்னும் கவிழ்ந்தபடிதான் கிடக்கிறது. ஆனால் அதன் சத்தத்தை அவர் அணைத்துவைக்கவில்லை, நான் பார்த்துவிட்டேன்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா