மூட்டத்து மண்

சித்திரை 12, வெள்ளிக்கிழமை

கையெல்லாம் எரிகிறது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மத்தியானம் கண்மாய்க் கருவேலங்காட்டில் பிடித்த தீ, மேல்காற்றில் பக்கத்துக் காட்டுச் சங்கரபாண்டி மாமா மாட்டுக்கு அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பை நோக்கி வந்தது. தரை இறுகிக் கிடந்ததால் மண்வெட்டி இறங்கவில்லை. என் கரிமூட்டத்தில் வெடிப்பு விட்டால் அடைப்பதற்காகக் குவித்து வைத்திருந்த மண்ணைத்தான் நானும் மாமா வீட்டு அத்தையும் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினோம். படப்பு தப்பியது. அதற்குள் என் மூட்டத்தில் வெடிப்பு விட்டு, அடைக்க மண் இல்லாமல் காற்றுப் புகுந்து, உள்ளே கரியாக வெந்துகொண்டிருந்த விறகெல்லாம் சாம்பலாகிவிட்டது.

பிறகு வந்த தீயணைப்பு வண்டிக்காரர்களிடம் மாமா சொல்கிறார்: "இவ மூட்டத்துல இருந்துதான் பொறி பறந்திருக்கு. இனிமே இங்க மூட்டம் போடக் கூடாது."

"காத்து மேக்க இருந்து அடிக்குது. என் மூட்டம் ஒங்க படப்புக்குக் கிழக்க கெடக்கு. தீ காத்த எதுத்தா வந்துச்சு, மாமா?" என்றேன்.

மாமா வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை முகத்துக் கரியை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்கு அதே இடத்தில் விறகு அடுக்குவேன். மூடுவதற்கு மண் வேண்டும். அது அவர் படப்பைச் சுற்றிக் கிடக்கிறது. விடிந்ததும் கூடையோடு போய், அவர் பார்க்கப் பார்க்க அள்ளி வருவேன்.