துலுக்காணம் படுத்துத் தூங்கினார்

என்னங்க,

இட்லி குண்டானில் இருக்கிறது. குழம்பைச் சுட வைத்துவிட்டேன். கோபத்தில் இன்றைக்கும் பட்டினியாக ஷிப்டுக்குப் போகாதீர்கள். சாவியைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவிடம் கொடுங்கள்.

நேற்று உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது நான் வீட்டில் இல்லாதது தப்புதான். ஆனால் ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

எங்கள் வார்டில் துலுக்காணம் என்று பழவேற்காட்டு மீனவர் ஒருவர் இருக்கிறார். நெஞ்சில் நீர் கோத்து, படுத்தாலே மூச்சு முட்டும். ஒரு வாரமாக உட்கார்ந்தபடியேதான் கண் அசந்தார். நேற்று என் டியூட்டி முடியும் நேரத்தில் டாக்டரம்மா அவர் முதுகில் ஊசி செலுத்தி நீரை எடுத்தார். அவர் அசையாதபடி தோளைப் பிடித்துக்கொண்டது நான். முடிந்ததும் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, "கேளு செண்பகம்" என்றார். காலையில் மூச்சுச் சத்தமே இல்லாமல் கிடந்த பக்கத்தில் காற்று நுழைந்துகொண்டிருந்தது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"சிஸ்டர், இப்ப நான் படுத்துக்கினே தூங்கலாமா?" என்று கேட்டார். தலையணையை உயர்த்தி வைத்தேன். படுத்தார். உடனே தூங்கிவிட்டார். மூச்சைக் கவனிக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், நானே இருந்தேன். அந்த மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில், நான் வீட்டுக்கு வரவேண்டிய கும்மிடிப்பூண்டி பஸ் போனதே தெரியவில்லை.

செண்பகம்

மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தால் லீவு போடுகிறேன்.

இன்னொன்று. இப்போது நீங்கள் குப்புறப் படுத்துத் தூங்கும்போது, உங்கள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் மூச்சு நன்றாகக் கேட்கிறது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே படுத்தும், இதைக் கேட்டதே இல்லை.