கறுப்பு வேட்டிக் கோட்டு

டிசம்பர் 6, சனி

ஜொகூருக்குக் குடிபோன அண்ணன், சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டிகளை விட்டுப் போயிருந்தான். அவற்றை வெட்டி, பழைய குடைத்துணியில் காலர் வைத்து, பேய்ப்படங்களில் வரும் கோத்திக் பாணியில் நீளக் கோட்டு தைத்தேன். இன்று, விதவிதமாக வேடம் போட்டு வருகிறவர்களின் காஸ்ட்யூம் கூட்டத்துக்குப் போட்டுப் போனேன். எத்தனையோ பேர் படம் எடுத்தார்கள். ஒருவரும் பெயர் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். கறுப்பையும் தாடியையும் பார்த்த கடைக்கார அங்கிள், நான் மாலை போட்டிருப்பதாகவே நினைத்துவிட்டார்.

"வாங்க சாமி, உட்காருங்க. சைவம் தனியா சமைச்சிருக்கு."

கோழிக்கறி கேட்கப் போனவன், வாயை மூடிக்கொண்டேன்.

"தனியாவா வந்தீங்க சாமி?"

தலையாட்டினேன். சாம்பாரை ஊற்றிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

நாளைக்கும் இதே கோட்டுதான், இதே கடைதான். கோழி வேண்டாம்.