உன் முகத்துக்காக உட்கார்ந்தவள்

அம்மணி,

பெட்டியைத் திறந்ததும் வசம்பு வாசம் மூக்கில் ஏறி நாலு தும்மல் போட்டேன். உன் அரக்குப் பட்டுச் சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்று அது கோயமுத்தூர் வரை போய் வந்தது. நானும் கூடப் போய் வந்தேன். சேலை கசங்கியதோடு சரி; எனக்குத்தான் இன்னும் இடுப்பு நிமிரவில்லை.

நம் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கணபதியில். நல்ல பையன், மூக்குத்தான் கொஞ்சம் முன்னால் வருகிறது. சம்பந்தி வீடாகப் போவதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். போன வாரம் அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்கப்பா, அம்மா மொகம் எனக்கு மறந்துபோச்சுங்க. கைதான் நெனப்புல வருது, மொகம் வரமாட்டேங்குது" என்றாள். அழவில்லை. மோர் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலிலேயே சொன்னாள். நீ போகும்போது அவளுக்குப் பதினொரு வயது.

உன் முகம் இந்த வீட்டில் இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். கல்யாணமான மறுவருஷம் படம் பிடித்துக்கொள்ளப் போனோமே. எனக்கு இரவல் கோட்டு, அக்குளில் பிய்ந்தது. கையைத் தூக்கிவிடாதீர்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கு நாற்காலி, உனக்கு அதன் பின்னால் நிற்கிற உத்தியோகம். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, இடுப்பை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மூன்று எண்ணும்வரை அசையக்கூடாது என்று சொல்லி காமிரா மூடியைக் கழற்றினார். நான் உதடு அசையாமல், "எருமைகிட்ட மடி முட்டற கன்னுக்குட்டியாட்ட இல்ல?" என்றேன்.

படத்தில் நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி தெளிவாக இருக்கிறேன். கோட்டுக் கிழிசல்கூடத் தெளிவு. நீ சிரித்துக் குலுங்கியதில் உன் கழுத்துக்கு மேலே மட்டும் ஈர விறகின் புகை. "ஒரு நிமிசம் பேசாம இருந்திருந்தா உங்களுக்கு என்னங்க?" என்று ரயிலில் கேட்டாய். அடுத்த வருஷம் வேறே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த மாதிரி பதிமூன்று அடுத்த வருஷங்கள் போயின.

இப்போதிருக்கிற படக்காரர் ஒரு வழி சொன்னார். படம் இல்லாமல் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இப்படித்தான் செய்கிறார்களாம். சாடையுள்ள ஒரு பெண்ணை அவர்கள் சேலையில், அவர்கள் கொண்டையில் உட்காரவைத்துப் பிடிப்பது. பிறகு வீட்டார் அடையாளம் சொல்லச் சொல்ல, படத்தின்மேல் தூரிகையால் திருத்தி இறந்தவராகவே ஆக்கிவிடுவது. "முக்காவாசி ஊட்டுல மாட்டியிருக்கறது இப்படித்தானுங்க" என்றார். அதிலிருந்து, ஊரில் சுவரில் தொங்குகிற மாமியார்களை எல்லாம் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

உன் சாடைக்கு நம் மகளையே உட்காரவைக்க நேற்றுக் கூட்டிப்போனேன்; துடியலூரில் உன் அக்காவும் ரயில் ஏறினாள். படக்காரரிடம் போனதும் மகளைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரம் எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"கொண்டைய இன்னுங் கீழ போடு கண்ணு. பவுடர் எதுக்கு? உங்கம்மா ஜென்மத்துல பவுடர் போட்டதில்ல."

"படத்துக்குத்தானுங்க பெரியம்மா."

"படத்துக்குன்னு உங்கம்மாள மாத்தீருவியா நீ?"

திரை விலகியது. நெஞ்சு அடைத்துப்போகும், நீயே வந்துவிட்டாய் என்று நினைத்துவிடுவேன் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நம் மகள் உன் சேலையில் நின்றாள், அவ்வளவுதான். உட்கார்ந்தாள். இமைகூடத் தட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

படம் பிடித்தபின் அவர் பென்சிலும் காகிதமுமாக வந்தார். நெற்றி குறுகல் என்றேன். புருவம் அடர்த்தி என்றேன். வேகமாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

"மச்சம் ஏதாச்சும் உண்டுங்களா?"

"தாடையில ஒண்ணு."

"எந்தப் பக்கமுங்க?"

வண்டி அங்கே நின்றுவிட்டது. உன் அக்காவைப் பார்த்தேன். "நான் வாக்கப்பட்டுப் போறப்ப அவ சின்னப்புள்ளைங்க. இடதுன்னா இடதாட்ட இருக்குது, வலதுன்னா வலதாட்ட இருக்குது. கூட இருந்தவரு நீங்க, நீங்கதான் சொல்லோணும் மாப்பிள்ளை" என்றாள்.

எவன் எந்தக் காலைச் சாய்த்து நடக்கிறான், எவள் எந்தப் பல்லை மறைத்துச் சிரிக்கிறாள் என்று எழுதியே பத்திரிகைகளில் பேர் வாங்கியவன் நான். "ஊர்ல இருக்கற மூக்கெல்லாம் தெரியுது, ஊட்டு அடுப்பு அணைஞ்சது தெரியலீங்களா?" என்பாயே. அந்தக் கேள்வி நேற்றுத்தான் சரியாகக் காதில் விழுந்தது. உன்னை எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன்: அடுப்படியில், கிணற்றடியில், நான் சாப்பிடும்போது எதிரே. எங்கே நிறுத்தினாலும் சிரிக்கிறாய், கையை வைத்துத் தாடையை மூடிக்கொள்கிறாய். பதினாலு வருஷம் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தேனே ஒழிய, ஒரு நாள் சும்மா இருந்து பார்த்ததில்லை.

மகள் நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது" என்றேன். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன்கூட அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டான்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்கப்பா, இடதுதானுங்க! மடியில படுத்துட்டுப் பார்த்தாத் தெரியுமுங்க. இப்ப மொகம் அப்படியே வருதுங்க" என்றாள். ரயிலில் வரும்போது உன் அக்காவிடம் உன்னைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படம் வெள்ளிக்கிழமை வந்துவிடும். கல்யாணம் முடிந்ததும் அவள் அதைக் கணபதிக்கு எடுத்துக்கொண்டு போவாள். வலதாக இருந்தால், அம்மணி, இந்த ஒரு தடவை விட்டுக்கொடு. அவளுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது, அதைப் பிடுங்க எனக்கு மனசு வராது. சந்தேகத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அது இருக்கும்வரை தினம் ஒரு தடவையாவது உன் கையை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்குமே.