சந்தனம் படாத கண்

என் வாயாடி நாத்தனாரே, சுமதி,

இந்த வருஷம் மேட்டூர் அணையை நேரத்தோடு திறந்துவிட்டார்கள். குடவாசல் பக்கம் நம் வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு போகிறது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ போன பிறகும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை.

வயல் நடுவே நீ நட்டு வைத்த கம்பம் அப்படியே நிற்கிறது. விடியற்காலை மூட்டத்தில் பார்த்தால், நீதான் நின்று வானத்தைப் பார்ப்பது போலிருக்கும். கூப்பிட வாயெடுப்பேன். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

"அண்ணி, வயல் மூச்சு விடுதுங்க. பகல்ல பயிர் கரியமில வாயுவை உள்ள இழுக்குது, ராத்திரி கொஞ்சம் வெளிய விடுது. கம்பத்து உச்சியில இருக்கற கண்ணு அதைப் பார்த்துக்கிட்டே இருக்கும்" என்றாய். படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று நான் கேலி செய்தேன்.

அப்புறம் அந்த வறண்ட வருஷம் வந்தது. குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை. எங்கேயோ பசிபிக் கடல் சூடானதில் காவிரி பிறக்கும் மலையில் மழை தவறி மேட்டூரைத் திறக்கவில்லை, அதற்கு எல் நினோ என்று பெயர் என்றாய். வெடித்துக் கிடந்த மண் வாயுவை வெளியே விட்டது. திரும்ப இழுக்கப் பயிர் இல்லை.

"நம்ம வயல் மட்டுமில்ல அண்ணி. இந்த மாதிரி வருஷத்துல எங்கெங்கயோ பெரிய காடெல்லாம் காஞ்சு, சிலது எரிஞ்சும் போகுது. காத்துல கரியமில வாயு வழக்கத்தைவிட வேகமா ஏறுது. இது பூமி தானா ஆடற ஊஞ்சல். மனுசன் விடற புகை வேற. ரெண்டையும் பிரிச்சாத்தான் நம்ம பங்கு என்னன்னு தெரியும்."

அதற்கு இதே வயலில் ஒரு மழை வருஷத்தையும் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாய். தை பிறப்பதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உனக்கு ஏன் அத்தனை அவசரம்?

அந்த வருஷத்து ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? டிராக்டர் ஓட்டும் தங்கராசு, டிராக்டர், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி உன் கம்பத்தின் கண்ணிலும் தாராளமாகப் பூசிவிட்டார். மறுநாள், அந்தக் கண் பார்ப்பதெல்லாம் போய்ச் சேரும் உன் ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து போன். வயல் மூச்சே விடவில்லையாம்! "மிஷினுன்னா பொட்டு வைக்கணும்லங்க?" என்று அவர் பாவமாகக் கேட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உன் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். வந்த அன்றே, "அந்தக் கம்பத்தைப் பிடுங்கிடலாம் கலா. அவளே இல்ல. பார்க்கறப்பல்லாம் நெஞ்சை அடைக்குது" என்றார். அறுவடை மிஷினுக்கு இடைஞ்சல் என்று ஒரு சாக்கு வேறு.

"அவ காத்திருந்த வருஷம் இப்பதாங்க வந்திருக்கு. இப்பப் போய்ப் பிடுங்கினா அவ பார்த்து வச்சதும் பாதியில நின்னுடும்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

இன்று ஆயுத பூஜை. மத்தியானம் கண்ணயர்ந்தேன். கனவில் நம் வயல் முழுக்கப் பச்சையாக, தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விழித்துப் பார்த்தால் உன் அண்ணனைக் காணோம். கொல்லையில் சாத்தியிருந்த கடப்பாரையையும் காணோம். அடித்துப் பிடித்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன்.

முழங்கால் சேற்றில் நின்றிருந்தார். தண்ணீரில் லேசாகச் சாய்ந்திருந்த கம்பத்தை நிமிர்த்தி, அடியில் கல் போட்டு, கடப்பாரையால் இடித்து இறுக்கியிருந்தார். கம்பத்தில், அவர் இடுப்பு உயரத்தில், ஒரு சந்தனப் பொட்டு.

"கண்ணுல படாமதான் வச்சிருக்கேன். போதுமா அவளுக்கு?" என்றார்.

பயிர் நன்றாக இழுக்கிறதாம், உன் ஆபீஸில் சொன்னார்கள். இன்னொரு வறண்ட வருஷம் வரும், அதற்குப் பின்னால் இன்னொரு மழையும் வரும். எது வந்தாலும் அந்தக் கண்ணைத் துடைத்து வைக்க நான் இருக்கிறேன், சுமதி. நீ நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிரு.

உன்னோடு ஒரு நாளும் சண்டை போடத் தெரியாத உன் அண்ணி,
கலா