கயிறு கைமாறிய மாதம்

மார்ச் 3

தம்பிக்கு,

மாரத்தானில் உன்னோடு ஓடும் துணையாளின் இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு வேறொருத்தியின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாய். என்னைக் கேட்கவில்லை. அது தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் கேட்டுக்கொள். பிசியோ பெண்ணின் மேஜையில் குப்புறப் படுத்திருந்தேன். கெண்டைக்காலை அழுத்திக்கொண்டே அவள் சொல்கிறாள்: "ஞாயித்துக்கிழமை நானும் உங்க தம்பியும் பாலம் வரைக்கும் ஓடிட்டு வந்தோம் அங்கிள். பேரும் மாத்திட்டோம். சொல்லியிருப்பாரே." குப்புறப் படுத்திருப்பவன் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? "சொன்னான், சொன்னான்" என்றேன். என் காலைச் சரிசெய்ய வந்தவளே என் கயிற்றையும் வாங்கிக்கொண்டாள்.

உனக்குப் பார்வை போய், வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவிக்கொண்டிருந்த காலத்தில், பம்பு ரிப்பேருக்கு வைத்திருந்த கயிற்றில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை உன் மணிக்கட்டிலும் மறுமுனையை என் கையிலும் மாட்டி, "வாடா, ஓடலாம்" என்றவன் நான். எனக்கும் அப்போது ஓடத் தெரியாது. பம்பு வேலையைப் போல அதையும் நானாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒன்பது வருஷம் ஒரு பள்ளத்தில் உன்னை விழவிட்டதில்லை. தண்ணீர்த் தொட்டி ஏணியின் கடைசிப் படியில் கால் பிசகியதற்கா இந்தத் தண்டனை?

நாலு வீடு தள்ளியிருப்பவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேரில் வந்தால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன். இதை வாசிக்கிற உன் மனைவிக்கு ஒரு வார்த்தை: கோபமான இடங்களில் குரலை இறக்கிவிடாதேம்மா. குடிநீர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்கிறவன், அண்ணன் புகாரையும் கேட்கட்டும்.

பதில் வேண்டும்.

அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. கோபப்படாதீர்கள், வாய்ப் பழக்கம்.

கேட்காமல் செய்தது தவறுதான். ஆனால் கேட்டிருந்தால் "எனக்கு ஒன்றுமில்லை" என்றிருப்பீர்கள். கட்டுப் பிரித்த மறுநாளும் அப்படித்தான் சொன்னீர்கள். நம்பி உங்களோடு பூங்காவைச் சுற்றி வந்தேன். முதல் சுற்றில், பெஞ்சில் தூங்குகிற ஆளின் செருப்பை நாய் கொண்டுபோவதைச் சொன்னீர்கள். இரண்டாவது சுற்றில் "இடது", "வலது" மட்டும். அதற்கப்புறம் உங்கள் மூச்சு மட்டும்தான் கேட்டது. "பள்ளம்" என்று சொன்னபோது என் கால் ஏற்கெனவே அதற்குள் இருந்தது. நான் விழவில்லை, அதனால் நீங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பேச முடியாதவன் கயிறு பிடிக்கக் கூடாது. இந்த விதியைப் போட்டது யார் அண்ணா?

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விடலாம் என்று இவள் சொல்கிறாள். எனக்குச் சொல்லியாக வேண்டும். பிசியோவோடு ஓடியபோது கால்கள் எனக்கு முன்னால் போயின. இவ்வளவு வேகம் எனக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. உங்கள் மூச்சைத்தான் இத்தனை நாளும் என் மூச்சு என்று நினைத்திருந்தேன் போல.

தம்பி

(அத்தான், எழுதியது நான், சொன்னது அவர். நேற்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.)


மார்ச் 9

தம்பிக்கு,

விதி என்னுடையதுதான். விதியில் குற்றமில்லை. அதை என் முதுகுக்குப் பின்னால் என்மேலேயே போட்டதுதான் குற்றம். அதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

ஆனால் நீ எழுதியது உண்மையா என்று தெரிய வேண்டாமா? நேற்று விடிந்ததும் தனியாக ஓடிப் பார்த்தேன். நீ பக்கத்தில் இருப்பதுபோல எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. பால்காரர் என்னைப் பார்த்து சைக்கிளை ஓரம் கட்டினார். பெட்ரோல் பங்க் வரை எல்லாம் சொல்ல முடிந்தது. அதன் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலில் போனவை நிறங்கள். பிறகு ஆட்கள். பிறகு எது எவ்வளவு தூரத்தில் என்பது. கடைசிவரை நின்றது "பள்ளம்" ஒன்றுதான், அதுவும் தாமதமாக. ஒரு மனிதனுடைய பேச்சு இந்த வரிசையில்தான் தீரும் என்று எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா?

பிசியோ பெண்ணிடம் கேட்டேன். "கட்டுப் போட்டது காலுக்கு. நுரையீரல் ஏன் கூடவே படுத்துக்கிச்சு? அடிபடாத காலும் இளைச்சிருக்கே, அது யாருக்குத் துணையா?"

"உடம்பு சிக்கனக்காரன் அங்கிள். சும்மா கிடக்கிறதை வச்சிருக்காது."

"ஓடப் போறேன்னு அதுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லலையே," என்றாள். வாய்க்கொழுப்பு அதிகம். ஆனால் யோசிக்க வைக்கிறாள். ஓடாத பம்பில் துரு ஏறுவது எனக்குத் தெரியும். இது துரு இல்லை. யாரோ உள்ளே வந்து, வேண்டாத சாமானைத் தினம் கொஞ்சமாக வெளியே எடுத்துப் போடுகிறார்கள். திரும்ப ஓடினால் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்களாம். எனக்கு அறுபத்து மூன்று. பழைய இடத்திலேயே வைப்பார்களா என்று கேட்டேன். மற்றக் காலை நீட்டச் சொன்னாள்.

உன்னிடம் ஒரு கேள்வி. அவளோடு ஓடும்போது கயிறு எப்படி இருந்தது? தொய்வாகவா, இறுக்கமாகவா? மழுப்பாமல் எழுது.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இறுக்கமாக. இழுத்தது நான். அவர்தான் "மெதுவா, மெதுவா" என்றார்.

நேற்று முழுக்க யோசித்தேன். நீங்கள் வேண்டாம் என்றால் இந்த வருஷம் நான் ஓடவில்லை. உங்கள் கால் சரியாகட்டும், அடுத்த வருஷம் சேர்ந்து ஓடுவோம். பிசியோவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

ஓடாமலிருக்க உனக்கு அனுமதி இல்லை.

ஒன்பது வருஷம் நம் கயிறு தொய்வாகவே இருந்தது. அதை நான் ஒற்றுமை என்று நினைத்திருந்தேன். நீ அடக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய், உனக்கே தெரியாமல். இதை உன் கடிதத்தில் படித்தபோது முதலில் கோபம் வந்தது. அப்புறம், நீ எவ்வளவு வேகம்தான் ஓடுவாய் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டாவதுதான் இன்னும் இருக்கிறது. முதலாவதும் போய்விடவில்லை, அதைப் பந்தயம் முடிந்து பேசிக்கொள்ளலாம்.

இனி செய்ய வேண்டியவை. உன் மனைவி இதை இரண்டு முறை வாசிக்கட்டும்.

பிசியோ பெண் உன் பாதத்தை மட்டும் பார்த்து ஓடக் கூடாது. களைத்தால் நீ வலப்பக்கம் சாய்வாய். அப்போது கயிற்றை இழுக்காமல் தோளால் லேசாகத் தொட்டால் போதும். பாலத்து இறக்கத்தை ஏற்றம் முடியும் முன்பே சொல்லிவிட வேண்டும். நாய், செருப்பு, சண்டை எது கண்ணில் பட்டாலும் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் போனால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இதை நானும் அவளிடம் சொல்கிறேன், வியாழக்கிழமை மேஜையில் படுத்துக்கொண்டு.

உன் மனைவி இரண்டாவது தண்ணீர்ப் பந்தலில் நிற்க வேண்டும். டம்ளர் கூடாது, மூக்கில் ஊற்றிக்கொள்வாய். மூடியில் துளை போட்ட பாட்டில்.

நீ முந்தின நாள் விடுப்பு எடு. ஊரார் குழாய் ஒரு நாள் ஒழுகட்டும். கயிற்றைப் புதிதாக வாங்காதே, பழையது வியர்வைக்குப் பழகியது. அதைப் பிசியோ பெண்ணுக்கு நீயே கொடு. பாலம் வரை அடக்கு. பாலம் தாண்டிய பிறகு யாருடைய மூச்சையும் கேட்காதே, உன்னுடையதை மட்டும் கேள்.

நான் பாலத்து இறக்கத்தில் நிற்பேன். என் குரல் கேட்டால் பழக்கத்தில் உன் வேகம் குறையும். அதனால் நீ கடக்கும்போது நான் வாய் திறக்கமாட்டேன். பிசியோ பெண்ணும் சொல்லக் கூடாது: அங்கே என்னைப் பார்த்ததை, நீ எல்லைக் கோட்டைத் தாண்டும்வரை.

அண்ணன்